வகுப்பறைக்குள் ஒரு கடற்படை

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில், ‘பொழுதுபோக்கும் பாடமும்’ என்ற அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சல்தலை சேர்ப்பவர்கள், நாணயம் சேர்ப்பவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பீர்கள். நான் சேர்ப்பது போர்க்கப்பல்கள். நீராவி எஞ்சின் வருவதற்கு முந்தைய பாய்மரப் போர்க்கப்பல்கள். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. அவற்றை மேசையிலோ தரையிலோ வரிசையாக நிறுத்தி, முன்பு நடந்த ஒரு கடற்போரை விதிகளின்படி மறுபடி நடத்திப் பார்ப்பதுதான் விளையாட்டு. ஆங்கிலத்தில் இதை ‘வார்கேம்’ என்பார்கள். செஸ் ஆட்டத்துக்கு ஒரு வகையில் உறவு. செஸ்ஸில் காற்று கிடையாது. இதில் காற்றுதான் பாதி ஆட்டம்.

இந்தப் பழக்கம் நம் ஊரில் பிறந்ததல்ல. ஸ்காட்லாந்தில் ஜான் கிளார்க் என்று ஒருவர் இருந்தார். எல்டின் என்னும் இடத்தைச் சேர்த்து ‘எல்டின் கிளார்க்’ என்று அழைப்பார்கள். அவர் கடற்படை அதிகாரி அல்ல. கடற்போர் எதையும் நேரில் கண்டவரும் அல்ல. சிறு கப்பல் உருவங்களை மேசையில் நகர்த்தி நகர்த்தியே, கப்பல் வரிசைகள் எப்படி மோதுகின்றன என்று ஆராய்ந்தார். தம் முடிவுகளைக் ‘கடற்படை உத்திகள் பற்றிய கட்டுரை’ என்ற நூலாக 1782-இல் சில படிகள் மட்டும் அச்சிட்டார். 1790-இல் அது முறையாக வெளிவந்தது. பிறகு 1898-இல் ஃபிரெட் ஜேன் என்னும் ஆங்கிலேயர், தம் காலத்து நீராவிப் போர்க்கப்பல்களுக்காக ஒரு கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது வளர்ந்த பொழுதுபோக்கு.

சேர்ப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “எந்த அளவுத்திட்டம்?” என்பதுதான். நம் வரைபடப் பாடத்தில் வரும் அதே அளவுத்திட்டம். அக்காலத்தில் கடற்படைகளின் முதுகெலும்பாக இருந்தது 74 பீரங்கிக் கப்பல். அதன் பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 52 மீட்டர். 1:1200 அளவில் அது 43 மில்லிமீட்டர். 1:2400 அளவில் 22 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. 1:700 அளவில் 74 மில்லிமீட்டர். பிரிட்டனின் லாங்டன் மினியேச்சர்ஸ் 1:1200 அளவில் உலோக வார்ப்புகள் செய்கிறது. 2013-இல் வந்த ‘சேல்ஸ் ஆஃப் குளோரி’ 1:1000 அளவு. 2019-இல் வந்த ‘பிளாக் சீஸ்’ 1:700 அளவு. ஒரு அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதிலேயே நிற்க வேண்டும். இரண்டு அளவுகளைக் கலந்தால், ஒரே வரிசையில் தேரும் தள்ளுவண்டியும் நிற்பதுபோல் ஆகிவிடும்.

அடுத்தது, எதைச் சேர்ப்பது என்ற கேள்வி. கடைப் பட்டியலைப் பார்த்தால் நூறு பீரங்கி கொண்ட மூன்றடுக்குக் கப்பல்தான் கண்ணைப் பறிக்கும். அப்படி அழகுக்கு அழகாகப் பத்து சேர்த்தால், அலமாரி நிறையும்; எந்தப் போரும் நடத்த முடியாது. உண்மையான கடற்படையில் பெரும்பாலும் 74, 64 பீரங்கிக் கப்பல்களே இருந்தன. கூடவே செய்தி கொண்டு செல்லவும் வேவு பார்க்கவும் சில ஃபிரிகேட்டுகள். ஆகவே அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் ஒரு போரைத் தேர்ந்தெடுத்து, அதில் வந்த கப்பல்களை மட்டும் சேர்ப்பார்கள். தொகுப்பு எங்கே முடியும் என்பது தொடங்கும்போதே தெரிந்துவிடும். சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இந்த விதி மிகவும் நல்லது.

நான் தேர்ந்தெடுத்த போர் நம் கரைக்கு எதிரே நடந்தது.

இரண்டாம் ஆங்கில-மைசூர்ப் போரை நாம் அனைவரும் நடத்துகிறோம். 1780 முதல் 1784 வரை. ஹைதர் அலி, திப்பு சுல்தான், மங்களூர் உடன்படிக்கை. தரையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். அதே ஆண்டுகளில் கடலில் நடந்ததைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஹைதருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுக் கடற்படையின் தலைவர் சுஃப்ரென். எதிரே ஆங்கிலேயக் கடற்படையின் தலைவர் எட்வர்ட் ஹியூஸ். இருவரும் பதினாறு மாதங்களில் ஐந்து முறை மோதினார்கள். 1782 பிப்ரவரி 17-இல் சதுரங்கப்பட்டினம். ஏப்ரல் 12-இல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் ப்ராவிடியன். ஜூலை 6-இல் நாகப்பட்டினம். செப்டம்பர் 3-இல் திருகோணமலை. 1783 ஜூன் 20-இல் கடலூர்.

இந்த ஐந்து போர்களிலும் வரிசையில் நின்று சண்டையிட்ட ஒரு பெரிய போர்க்கப்பல்கூட மூழ்கடிக்கப்படவும் இல்லை, கைப்பற்றப்படவும் இல்லை. எல்டின் கிளார்க் தம் மேசையில் கப்பல்களை நகர்த்தி எழுதிய நூல் அச்சான அதே 1782-இல் இவற்றில் நான்கு நடந்தன. கடற்போர்கள் ஏன் முடிவில்லாமல் போகின்றன என்பதுதான் அவருடைய கேள்வியும்.

கப்பல்களுக்கு வருகிறேன். வெளிநாட்டு உலோக வார்ப்புகள் என்னிடம் சில உண்டு. அவை வீட்டில்தான் இருக்கின்றன. விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், பழைய வார்ப்புகளில் ஈயம் கலந்திருக்கும். அவற்றைத் தொட்டால் கை கழுவ வேண்டும்; அராவினால் தூள் மூக்கில் ஏறும். பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. பள்ளிக்கென நாங்கள் செய்தது அட்டைக் கப்பல்கள். உடலுக்கு ஐஸ் குச்சியை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினோம். கொடிமரத்துக்கு விளக்குமாற்று ஈர்க்கு. பாய்க்குப் பழைய கல்யாணப் பத்திரிகை. லேசாக வளைத்து ஒட்டினால் காற்று நிரம்பியது போலவே நிற்கும். கயிறுக்குத் தையல் நூல். ஒரு கப்பலுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகவில்லை. அடியில் ஓர் அட்டைத் துண்டை ஒட்டி, கப்பலின் பெயரையும் பீரங்கி எண்ணிக்கையையும் தமிழில் எழுதினோம். ஹியூஸின் கொடிக்கப்பல் ‘சூப்பர்ப்’ 74, சுஃப்ரெனின் கொடிக்கப்பல் ‘எரோ’ 74 என்று.

வண்ணத்திலும் வரலாறு உண்டு. இணையத்தில் பாய்மரப் போர்க்கப்பல் படம் தேடினால், மஞ்சள் பட்டையில் கறுப்புச் சதுரங்கள் போட்ட கப்பல்தான் முதலில் வரும். அது நெல்சன் காலத்து வழக்கம்; 1805-க்குப் பிறகுதான் பரவலானது. 1782-இல் பக்கங்கள் பெரும்பாலும் மரநிறமாகவோ காவி மஞ்சளாகவோ இருந்தன. “படத்தில் இருக்கிறதே சார்” என்று மாணவர்கள் கேட்டபோது, “அந்தப் படம் எந்த ஆண்டுக் கப்பல்?” என்று திருப்பிக் கேட்டேன். சான்றின் காலத்தைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள்.

முதலில் நாகப்பட்டினம் போரை எடுத்தோம். ஒவ்வொரு தரப்பிலும் பதினோரு கப்பல். கப்பலுக்குக் கப்பல் ஒரு ‘கேபிள்’ இடைவெளி, அதாவது சுமார் 185 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். பத்து இடைவெளியும் பதினோரு கப்பல் நீளமும் சேர்த்தால் ஏறத்தாழ 2,420 மீட்டர். 1200-ஆல் வகுத்தால் இரண்டு மீட்டர். மேசை போதாது என்று கணக்கே சொல்லிவிட்டது. வராந்தாத் தரையில் சுண்ணக்கட்டியால் கரையோரத்தை வரைந்து, வடக்குக் குறியிட்டு, அதையே கடலாக்கினோம். கணித ஆசிரியர் வந்து வேகத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார். நான்கு நாட் வேகமென்றால் இரண்டு நிமிடத்தில் 247 மீட்டர். தரையில் இருபது சென்டிமீட்டர்.

விதிகள் நான்குதான். முதலாவது காற்று. அக்காலப் போர்க்கப்பலின் குறுக்குப் பாய்களால், காற்று வரும் திசையிலிருந்து ஏறத்தாழ 67 பாகைக்குள் செல்ல முடியாது. இரு பக்கமும் சேர்த்து 134 பாகை அடைபட்ட வழி. கோணமானியைக் காகிதத்தில் பெரிதாக வெட்டிக் கொடுத்தேன். இரண்டாவது சுடுதல். பீரங்கிகள் பக்கவாட்டில்தான் இருக்கின்றன. எதிரியின் முனைக்கோ பின்புறத்துக்கோ குறுக்கே போய்ச் சுட்டால் சேதம் இரட்டிப்பு. மூன்றாவது ஆணை. ஒரு மாணவர் ஒரு கப்பலின் கேப்டன். அடுத்த நகர்வை ஒவ்வொருவரும் சீட்டில் எழுத வேண்டும். எல்லாச் சீட்டுகளையும் ஒரே நேரத்தில் பிரிப்போம். தளபதி வாய் திறக்கக் கூடாது. ஐந்து கொடிச் சீட்டுகளில் ஒன்றைத் தூக்கிக் காட்டலாம், அவ்வளவுதான். நான்காவது விதியைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மூன்றாவது விதி ஒன்றே அரை மணி நேர விரிவுரைக்குச் சமம். தளபதி “நெருங்கு” என்று கொடி காட்டுவார். மூன்றாவது கப்பல் நெருங்கும். ஏழாவது கப்பலுக்குக் கொடியே தெரிந்திருக்காது. சுஃப்ரென் தம் கேப்டன்கள் ஆணையை நிறைவேற்றவில்லை என்று கடைசிவரை குறைபட்டவர். வராந்தாவில் தளபதியாக நின்ற மாணவி, “நான் சொன்னதை ஒருத்தரும் கேட்கலை சார்” என்று கோபப்பட்டாள். ஏழாவது கேப்டன், “நீ சொன்னது எனக்கு வந்தாத்தானே?” என்றான். இருவர் சொன்னதும் சரி என்று வகுப்பே ஒப்புக்கொண்டது.

இனி காற்று. அன்று உண்மையில் நடந்தது இது. முந்தின நாள் மாலை ஒரு சூறைக்காற்றில் பிரெஞ்சுக் கப்பல் ‘அஜாக்ஸ்’ கொடிமரங்களை இழந்து, போரில் சேர முடியாமல் போனது. மறுநாள் காலை தென்மேற்குக் காற்று. அது ஆங்கிலேயருக்குச் சாதகம். பிற்பகல் ஒரு மணியை ஒட்டிக் காற்று திடீரெனத் தென்கிழக்காகத் திரும்பியது. இரண்டு வரிசைகளும் கலைந்தன. கப்பல்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பின. அந்தக் குழப்பத்தில் ‘செவேர்’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் சரணடைவதாகக் கொடியை இறக்கிவிட்டார். அவருடைய அதிகாரிகள் அதை மறுபடி ஏற்றிச் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

இதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. எட்டாவது சுற்றில் காற்று அம்பைத் தென்கிழக்குக்குத் திருப்பி வைத்தேன். “இது அநியாயம் சார்” என்று ஒரு தரப்பு கத்தியது. அப்போது மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, “அநியாயம் இல்ல. ஆனி மாசம்தானே? காலையில மேலக்காத்து அடிக்கும். மத்தியானம் கடல்காத்து ஏறிடும். எங்கப்பா அதுக்குள்ள கரைக்கு வந்துடுவார்” என்றாள். ஜூலை 6 என்பது ஆனி மாதம் என்று நான் சொல்லவில்லை, அவளே கணக்கிட்டாள். நிலக்காற்று, கடற்காற்று பற்றிப் புவியியல் பாடத்தில் படம் வரைந்து காட்டுகிறோம். அந்தப் படம் ஒரு போரையே கலைத்துப் போட்டது என்பதை, அந்தக் கடலை அறிந்த ஒரு பிள்ளை எங்களுக்கு விளக்கினாள். அன்றிலிருந்து காற்று அம்பு அவள் பொறுப்பு.

அதே காற்றுதான் திருகோணமலைக்கு அவ்வளவு மதிப்பைக் கொடுத்தது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், சோழமண்டலக் கரையில் பெரிய கடற்படைக்கு ஒதுங்க இடமில்லை. சென்னையில் அன்று துறைமுகமே இல்லை. கப்பல்கள் ஆழத்தில் நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகிலும் கட்டுமரத்திலும் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். 1782 ஆகஸ்ட் இறுதியில் சுஃப்ரென் திருகோணமலையைப் பிடித்தார். ஹியூஸ் அக்டோபரில் பம்பாய்க்குப் போக வேண்டியதாயிற்று. வரைபடத்தில் ஒரு புள்ளியாக இருக்கும் ஊருக்காக இரண்டு பேரரசுகள் ஏன் மோதின என்பது, வராந்தாவில் கப்பல் வைத்து ஒதுங்க இடம் தேடியபோது விளங்கியது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டால், நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்பது? அதனால் மூன்றாவதாக ஓர் அணி வைத்தோம். அதன் பெயர் கரை அணி. அவர்களிடம் கட்டுமரமும் மசூலாப் படகும் உண்டு. குடிநீரும் அரிசியும் அவர்கள் வழியாகத்தான் கப்பலுக்குப் போகும். போரால் பாழான கர்நாடகப் பகுதியில் அந்த ஆண்டுகளில் பஞ்சம். கரை அணியின் அரிசிச் சீட்டுகள் சுற்றுக்குச் சுற்று குறையும். கப்பலுக்குக் கொடுத்தால் ஊருக்கு இல்லை. மற்ற இரண்டு அணிகளும் வெற்றி பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் மட்டும் அரிசியை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்த அணியில் இருக்கத்தான் இப்போது போட்டி.

இப்போது நான்காவது விதி. ஒரு கப்பல் அடிபட்டால் அதன் சீட்டில் கட்டத்தை அடிப்பதோடு நிற்பதில்லை. ‘ஆள் பேரேடு’ என்று ஒரு நோட்டு உண்டு. ஒரு 74 பீரங்கிக் கப்பலில் ஏறத்தாழ அறுநூறு பேர். ஒவ்வோர் அடிக்கும் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் காயம்பட்டார்கள் என்பதை அந்தக் கேப்டனே தன் கையால் பேரேட்டில் எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கத்துக் கூட்டுத்தொகையையும் எழுந்து நின்று வாசிப்போம். பிறகு உண்மையான எண்ணிக்கையை நான் வாசிப்பேன். நாகப்பட்டினத்தில் ஆங்கிலேயர் தரப்பில் இறந்தவர் 77, பிரெஞ்சுத் தரப்பில் 178. அதன் பிறகுதான் யார் வென்றார்கள் என்ற பேச்சு.

ஒருநாள் மாலை ஒரு மாணவரின் தந்தை வந்தார். கடலுக்குப் போகிறவர். “ஏன் சார், சாவுறதைப் பசங்களுக்கு விளையாட்டாச் சொல்லித் தர்றீங்களாமே?” என்று நேராகக் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த அரங்கிலும் சிலர் மனத்தில் அது இருக்கும். அவரிடம் வாதாடவில்லை. “நாளைக்குக் கடைசிப் பாடவேளை கடலூர்ப் போர், வந்து உட்கார்ந்து பாருங்க அண்ணே” என்றேன். வந்தார்.

கடலூர்ப் போரில் ஆங்கிலேயருக்குப் பதினெட்டுக் கப்பல், பிரெஞ்சுக்காரருக்குப் பதினைந்து. கரையில் ஆங்கிலேயப் படை கடலூரை முற்றுகையிட்டிருந்தது; உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. மேலிடத்து ஆணைப்படி சுஃப்ரென் வரிசையில் நிற்காமல் ‘கிளியோபாத்ர்’ என்ற ஃபிரிகேட்டிலிருந்து போரை நடத்தினார். ஹியூஸின் மாலுமிகளிடம் குடிநீர் குறைவு; பலருக்கு ஸ்கர்வி நோய். வைட்டமின் சி பற்றாக்குறை என்று அறிவியல் ஆசிரியர் அதை அப்போதே எடுத்துக்கொண்டார். மாலையில் தொடங்கிய பீரங்கிச் சண்டை மூன்று மணி நேரம் போல நடந்தது. இறுதியில் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். எங்கள் வராந்தாவிலும் பிரெஞ்சு அணிதான் அன்று தாக்குப்பிடித்தது.

பேரேடு வாசித்து முடித்தார்கள். உண்மையில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள் என்று சொன்னேன். பிறகு ஆட்டம் தொடங்கும் முன்பே மேசையில் வைத்திருந்த, ஒட்டிய உறையைக் கரை அணித் தலைவியிடம் கொடுத்தேன். அவள் பிரித்து வாசித்தாள். “பிரிட்டனும் பிரான்சும் சமாதான முதற்கட்ட உடன்பாட்டில் கையெழுத்திட்ட நாள், 1783 ஜனவரி 20.” போர் நடந்தது ஜூன் 20. சரியாக ஐந்து மாதம் கழித்து. செய்தி அப்போது இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. ஜூன் மாத இறுதியில்தான் இங்கு எட்டியது.

கைதட்டிக்கொண்டிருந்த அணியும் கை நிறுத்தியது. ஒரு பையன் பேரேட்டை வாங்கி, தான் எழுதிய எண்ணை மறுபடி பார்த்தான். “அப்போ இவங்க எல்லாம் எதுக்கு சார்?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அந்தத் தந்தைதான் பேசினார். “சேதி வந்து சேரலை தம்பி. புயல் சேதி வராம நாங்க கடல்ல நின்ன காலமும் உண்டு” என்றார். அதன்பின் பத்து நிமிடம், செய்தி தாமதமானால் என்னென்ன ஆகும் என்று வகுப்பு தானே பேசியது. அவர் போகும்போது, அடுத்த போர் என்றைக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாடநூல் ஒரு வரியில் “போரிட்டனர், வென்றனர்” என்று சொல்லும். அதற்கு மேல் இடம் இல்லை. அந்த வரிக்குள் காற்று, குடிநீர், துறைமுகம், காதில் விழாத ஆணை, வந்து சேராத செய்தி எல்லாம் இருக்கின்றன. கப்பலை விரலால் நகர்த்தும்போது அவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஆனால் ஆள் பேரேடு இல்லாமல் இதை நடத்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அது இல்லையென்றால் மீதமிருப்பது வெறும் பொம்மைச் சண்டைதான்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். பதினோரு கப்பலோடு தொடங்க வேண்டாம். தரப்புக்கு மூன்று போதும். இரண்டு பாடவேளைகள் ஒதுக்குங்கள்; ஒன்றில் ஆட்டம், மற்றொன்றில் பேச்சு. கூர்மையான கத்தி வேலையை நீங்களே செய்துவிடுங்கள். கணிதம், அறிவியல் ஆசிரியர்களை முதல் நாளே அழையுங்கள். கடலோரப் பள்ளியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காற்று எங்கும் அடிக்கிறது, காகித அம்பு ஒன்றை மொட்டை மாடியில் கட்டி ஒரு வாரம் குறித்துவரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. திருகோணமலைப் போரின் பெயரைத் தாங்கிய ‘டிரிங்கோமாலி’ என்ற ஃபிரிகேட் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817-இல் கடலில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் நகரில் அருங்காட்சியகமாக மிதக்கிறது. எங்கள் மாணவர்கள் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஈர்க்கு கிடைத்துவிட்டது, நல்ல கல்யாணப் பத்திரிகை இருந்தால் கொடுத்து உதவுங்கள்.